மாவட்ட வைத்தியசாலையில் மருத்துவ ஆய்வு: பாம்புக்கடி விடுதியிலிருந்து சில விளக்கங்கள்

காலபோக நெல் அறுவடை தொடங்கும் நாட்களில், இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள எந்த மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் சென்றாலும், கால் வீங்கிப் படுத்திருக்கும் விவசாயிகளை மருத்துவ விடுதியில் காணலாம். வயலில் கண்ணாடி விரியன் தீண்டியவர்கள், இரவில் தரையில் பாய் விரித்து உறங்கும்போது கட்டுவிரியன் கடித்தவர்கள், கடித்தது என்ன பாம்பென்றே தெரியாதவர்கள் என அவர்கள் பல வகையினர். 2012, 2013 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஒரு கணக்கெடுப்பு, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது என்றும், அவர்களில் சுமார் 30,000 பேரின் உடலில் விஷம் ஏறுகிறது என்றும், சுமார் 460 பேர் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. இந்த நோயாளரில் பெரும்பாலோர் தலைநகரின் பெரிய வைத்தியசாலைகளுக்குப் போவதில்லை. ஆகவே எந்தச் சிகிச்சை இவர்களுக்குப் பயன் தரும், எது தீங்கு செய்யும் என்ற கேள்விகளுக்கு இவர்கள் வந்து படுக்கும் இடத்தில்தான் விடை தேட வேண்டியிருக்கிறது.

மருத்துவ ஆய்வு என்றதும் பல்கலைக்கழகத்தையும், வெளிநாட்டு ஆய்வுகூடத்தையும், மருந்துக் கம்பனிகளையுமே பலர் நினைக்கிறார்கள். மாவட்ட வைத்தியசாலை என்பது சிகிச்சைக்கு மட்டுமான இடம், ஆய்வு வேறெங்கோ நடக்க வேண்டியது என்ற எண்ணம் நோயாளரிடம் மட்டுமன்றி வைத்தியர்களிடமும் இருக்கிறது. இலங்கையில் பாம்புக்கடிச் சிகிச்சை கடந்த 30 ஆண்டுகளில் மாறிய விதத்தைப் பார்த்தால், அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

1996 முதல் 1998 வரை அனுராதபுரம் பொது வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்திய நிபுணர் எஸ். ஏ. எம். குலரத்ன, கட்டுவிரியன் கடித்து அங்கு வந்த 210 நோயாளரைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்தார். அதற்குப் புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படவில்லை. கடித்த நேரம், கடிபட்ட இடம், முதலில் தோன்றிய குணங்குறி, கண்ணிமை எப்போது சரிந்தது, மூச்சு எப்போது தளர்ந்தது, செயற்கைச் சுவாசம் எத்தனை நாள் தேவைப்பட்டது என்று ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்டு எழுதியதே அந்த ஆய்வு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இல்லாத ஒருவர், நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழுந்து, விடிவதற்குள் கண் திறக்க முடியாமல் போவதைப் பல ஊர்களில் வேறு நோயென்று நினைத்திருக்கிறார்கள். இன்று வெளிநோயாளர் பிரிவில் இருக்கும் இளம் வைத்தியர், தரையில் படுத்துறங்கியவருக்கு விடியற்காலையில் வந்த வயிற்றுவலியைக் கேட்டவுடன் கட்டுவிரியனை நினைக்கிறார் என்றால், அதற்கு அப்படிப்பட்ட பொறுமையான பதிவுகளே காரணம்.

விஷமுறிவு மருந்தைப் பற்றிய ஆய்வு இதைவிடச் சிக்கலானது. இலங்கை அரச வைத்தியசாலைகளில் நீண்ட காலமாகப் பயன்படுவது இந்தியாவில் தயாராகும் மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து அதைத் தயாரிக்கிறார்கள். அதற்கான விஷம் பெருமளவில் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. உயிர்காக்கும் இந்த மருந்து குதிரையின் புரதம் என்பதால் மனித உடல் அதை எதிர்க்கிறது. மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் உடல் தடித்து, நடுங்கி, மூச்சிரைத்து, இரத்த அழுத்தம் விழுந்த நோயாளரைக் காணாத வைத்தியர் எங்கள் பகுதியில் இல்லை. அதைத் தடுப்பதற்காக ஒவ்வொரு விடுதியும் தனக்குப் பழக்கமான முன்மருந்தைக் கொடுத்து வந்தது. பெரும்பாலும் ஹைட்ரோகோர்ட்டிசோன், அதோடு ஓர் ஒவ்வாமை மருந்து. அவை வேலை செய்கின்றனவா என்று நீண்ட காலம் யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

1999இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வில் 105 நோயாளர் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு விஷமுறிவு மருந்துக்கு முன் மிகச் சிறிய அளவு அட்ரினலின் தோலுக்கடியில் ஏற்றப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி ஏற்றப்பட்டது. அட்ரினலின் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் ஒவ்வாமை வந்தது. வேறுபாடு பெரிதாக இருந்தாலும், 105 பேரை வைத்து ஒரு நாட்டின் சிகிச்சை முறையை மாற்றுவது நியாயமாகாது. அதனால் களனிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அசித டி சில்வா குழுவினர் 1,007 பாம்புக்கடி நோயாளரைக் கொண்டு பெரிய ஆய்வொன்றை நடத்தி 2011இல் வெளியிட்டனர். அட்ரினலின், ஒவ்வாமை மருந்தான புரோமெதசீன், ஹைட்ரோகோர்ட்டிசோன் ஆகிய மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்த அந்த ஆய்வில், அட்ரினலின் மட்டுமே கடுமையான ஒவ்வாமையைக் குறைத்தது: முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடும், 48 மணி நேரம் வரையில் 38 விழுக்காடும் குறைவு. மற்ற இரண்டாலும் பயனில்லை. அதைவிட முக்கியமாக, ஹைட்ரோகோர்ட்டிசோனையும் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலின் தந்த பாதுகாப்பே இல்லாமற்போனது. நல்லதென்று நம்பி ஆண்டுக்கணக்காக ஏற்றி வந்த ஒரு மருந்து, பயன் தரும் மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடும் என்று எந்தப் புத்தகமும் சொல்லியிருக்கவில்லை. மருந்தில்லாத ஊசியைப் பெறவும் சம்மதித்துப் பங்கேற்ற நோயாளர்தான் அதை எங்களுக்குத் தெரியப்படுத்தினார்கள்.

சில ஆய்வுகள் எங்கள் கைவேலையையே கேள்விக்கு உட்படுத்துகின்றன. கண்ணாடி விரியனின் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் குலைத்துவிடும். அதைக் கண்டறிய எல்லா வைத்தியசாலைகளிலும் செய்யப்படும் எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளரின் நாளத்திலிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின்னர் ஒரு முறை சரித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் கட்டியாக நின்றால் உறைகிறது. வழிந்தால் உறையவில்லை, விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். கேட்பதற்கு இதில் தவற ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் முடிவு மாறும். முன்பு சவர்க்காரத்தில் கழுவிய குழாயாக இருந்தாலும் மாறும். நெரிசலான விடுதியில் யாராவது 10ஆவது நிமிடத்தில் குழாயை எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் மாறும். இலங்கை வைத்தியசாலைகளில் இச்சோதனை அன்றாடம் செய்யப்படும் முறையை ஆய்வுகூடப் பரிசோதனையோடு ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வு, இரத்தம் உறையாதிருந்த நோயாளரில் பாதிக்கும் குறைவானோரையே அது கண்டுபிடித்தது என்றும், அதனால் மருந்து ஏற்றுவது தாமதமானது என்றும் காட்டியது. பயிற்சி பெற்றவர்கள் சரியான குழாயில் சரியான நேரம் வைத்துச் செய்த பிற்கால ஆய்வொன்றில் அதே சோதனை மிகவும் நன்றாக வேலை செய்தது. கண்ணாடிக் குழாய் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, நேரத்தை யார் பார்ப்பது என்ற சிறிய விடயங்களை அதன் பின்னர் எங்கள் விடுதியில் நாங்கள் கண்டிப்போடு கவனிக்கிறோம்.

ஓர் ஆய்வின் முடிவே இறுதி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரு தாவர நஞ்சால் பாதிக்கப்பட்டு அனுராதபுரத்தில் சேர்க்கப்பட்ட 401 பேரில் ஒரு பகுதியினருக்கு மருத்துவக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. அப்படித் திரும்பத் திரும்பக் கரித்தூள் பெற்றவர்களில் 2.5 விழுக்காட்டினரும், மற்றக் குழுவில் 8 விழுக்காட்டினரும் இறந்தனர். பல வகை நஞ்சுகளால் பாதிக்கப்பட்ட 4,632 பேரைக் கொண்டு 2008இல் வெளியான இலங்கை ஆய்வில் அந்தப் பயன் தென்படவில்லை. இரண்டுமே நேர்மையாக நடத்தப்பட்ட ஆய்வுகள். நோயாளர் வேறு, அவர்கள் வந்து சேர்ந்த நேரம் வேறு, எண்ணிக்கை வேறு. பத்திரிகையில் ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டு இந்த மருந்துதான் வேண்டும் என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் வழக்கமாக எடுத்துக் காட்டுவது இந்த இரண்டு ஆய்வுகளைத்தான்.

ஆய்வுக்குச் சம்மதம் கேட்கும்போது நாங்கள் எதிர்கொள்ளும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "டொக்டர், எங்கட மனிசனை வைச்சுப் பரிசோதனை செய்யப் போறியளோ?" என்று கணவரின் கட்டிலருகே நின்ற ஒரு பெண் கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. அதை அறியாமை என்று ஒதுக்கும் வைத்தியர் ஆய்வு செய்யத் தகுதியற்றவர். போரினாலும் இடப்பெயர்வினாலும் அலைக்கழிக்கப்பட்ட மக்கள், கையொப்பம் கேட்கும் எந்தத் தாளையும் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. நான் அவருக்குச் சொன்னது இதுதான்: விஷமுறிவு மருந்து அவருக்கு எப்படியும் கிடைக்கும், ஆய்வு அதை நிறுத்தாது, தாமதிக்கவும் செய்யாது. இரண்டு வழிகளில் எது நல்லதென்று எங்களுக்கு உறுதியாகத் தெரியாத இடத்தில் மட்டுமே ஆய்வு செய்ய எங்களுக்கு அனுமதி உண்டு. ஒன்று நல்லதென்று தெரிந்துகொண்டே மற்றதைக் கொடுப்பது குற்றம்.

இதைக் கண்காணிக்க ஏற்பாடுகள் உள்ளன. பல்கலைக்கழக மருத்துவ பீடங்களில் இயங்கும் நெறிமுறை மீளாய்வுக் குழுக்களில் ஒன்று ஆய்வுத் திட்டத்தை வாசித்து ஒப்புதல் தராமல் ஒரு நோயாளரைக்கூடச் சேர்க்கக் கூடாது. 2006இல் தொடங்கப்பட்ட இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வுகளைப் பதிவு செய்கிறார்கள். என்ன அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே அங்கே எழுதி வைத்துவிட்டால், முடிவு பிடிக்கவில்லை என்று பின்னர் கேள்வியை மாற்றிக்கொள்ள முடியாது. என் பார்வையில் பொதுமக்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு இது.

ஆயினும் குழுவும் பதிவேடும் கட்டிலருகே நிற்பதில்லை. அங்கே நிற்பவர்கள் நீங்கள்தான். ஆகவே உங்களிடமோ உங்கள் உறவினரிடமோ சம்மதம் கேட்கப்பட்டால், இந்த ஆய்வில் சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும் என்பதை முதலில் கேளுங்கள். அந்தச் சிகிச்சை குறையும் என்று யாராவது சொன்னால் அது முறைகேடு. வழக்கமான சோதனைக்கு மேலாக எத்தனை தடவை இரத்தம் எடுப்பார்கள், எந்தக் குழு இதற்கு ஒப்புதல் தந்தது, பாதிப்பு ஏற்பட்டால் யார் பொறுப்பு என்றும் கேட்கலாம். தகவல் தாள் விளங்கவில்லையென்றால், உங்கள் மொழியில் ஒருவர் இருந்து வாசித்து விளக்கும் வரை கையொப்பம் இடாதீர்கள். அந்தத் தாளின் பிரதி உங்களுக்கு உரியது. குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்கும். நோயாளர் மயங்கிக் கிடந்தால் நெருங்கிய உறவினரிடம் கேட்பார்கள். நினைவு திரும்பியதும் நோயாளரிடமே மீண்டும் கேட்க வேண்டும். சம்மதித்த பிறகும் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, விலகிக்கொள்ளலாம். ஆய்வுக்காக உங்களிடம் ஒரு சதமும் கேட்கக் கூடாது.

வைத்தியர்கள் பக்கத்திலும் சிக்கல்கள் உண்டு. கவனமாகப் பதிவேடு தொடங்கிய வைத்தியர் இடமாற்றம் பெற்றுப் போனதும் அது அலுமாரியில் முடங்கிவிடுகிறது. இரவுக் கடமையில் தனியாக நிற்பவருக்குக் கூடுதல் படிவம் நிரப்புவது சுமை. ஆனால் ஒழுங்கமைத்தால் சாதாரண வைத்தியசாலைகளால் எவ்வளவு முடியும் என்பதைக் கொரோனா காலத்தில் பிரித்தானியா காட்டியது. 2020 மார்ச்சில் தொடங்கிய ரிக்கவரி ஆய்வில் பெரிய பல்கலைக்கழக வைத்தியசாலைகளோடு மாவட்டப் பொது வைத்தியசாலைகளும் நோயாளரைச் சேர்த்தன. படிவம் சுருக்கமாக இருந்தது. டெக்சாமெதசோன் என்ற மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அதே ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் திகதி அறிவிக்க அவர்களால் முடிந்தது. ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் ஆய்வுக்கென ஒரு தாதி உத்தியோகத்தரும் ஒரு பதிவாளரும் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்தி வருவது இதனால்தான்.

கடைசியாக, ஆய்வில் சேர்ந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணாடி விரியன் கடித்துத் தேறியவர்களில் சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு மாதக்கணக்கில் தொடரலாம்; வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமலும் இருக்கலாம். வீடு திரும்பும்போது கிளினிக்குக்கு வரச் சொல்லிக் கொடுக்கும் திகதி, முதலில் உங்கள் சிறுநீரகத்தைப் பார்ப்பதற்காக. ஆய்வுக்கும் அது மிக அவசியம்: நன்றாக இருப்பவர்கள் வேலைக்குப் போய்விட, உடல் சரியில்லாதவர்கள் மட்டும் திரும்பி வந்தால், எங்கள் கணக்கில் பாதிப்பு உண்மையிலும் பெரிதாகத் தெரியும். நலமாக இருந்தாலும் அந்தத் திகதியில் வாருங்கள். வர முடியாவிட்டால் தாளில் உள்ள எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.