விங்சூட் சொல்லித் தருகிறேன் என்பவரிடம் முதலில் கேளுங்கள்

ஆடியில் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு தம்பி, வளைகுடாவில் வேலை பார்ப்பவன், "அண்ணே, ஒரு சாமான் வாங்கியிருக்கேன், வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். போனால், கொல்லைக் கொடியில் வேட்டி துண்டுகளுக்கு நடுவே ஒரு விங்சூட் காய்ந்துகொண்டிருக்கிறது. விமானத்திலிருந்து குதித்துப் பறப்பதற்காக, கை கால்களுக்கு நடுவே இறக்கைபோலத் துணி வைத்துத் தைத்த உடுப்பு அது. யாரோ போட்டுப் பழகியது. கால் நீளம் கூடுதலாக இருந்ததால் கடைத்தெருத் தையல்காரரிடம் கொடுத்துச் சுருக்கியிருக்கிறான்.

குதித்த கணக்கை எழுதிவைக்கும் லாக்புக்கை வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 71 ஜம்ப். அதில் மூன்று விங்சூட்டோடு. மூன்றாவதில் சுழலில் மாட்டி, மெயின் பேராசூட் கயிறுகள் முறுக்கிக்கொண்டு, அதைக் கழற்றி விட்டுவிட்டு, அவசரத்துக்கான இரண்டாவது பேராசூட்டான ரிசர்வில் இறங்கியிருக்கிறான். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "கூடக் குதிக்கிற ஒரு அண்ணன்தான். 250 ஜம்ப் போட்டவர். ஒரு சாயங்காலம் உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

இதே பதிலை ஒரு வருடத்துக்குள் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். மூன்று பேரும் நம் டெல்டாப் பிள்ளைகள். விமானத்திலிருந்து பேராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங்கில் பயிற்றுநராக இருந்துகொண்டு இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

போட்டுக் காட்டு என்றேன். பேராசூட் பையோடு சூட்டை மாட்டி, ஜிப்பை எல்லாம் இழுத்து, முற்றத்தில் நின்றான். துணிக்கு மேலேயே தொடையை அழுத்திப் பார்த்தேன். இடது தொடை வார் இறுக்கப்படாமல் தொளதொளவென்று கிடந்தது. சாதாரண ஜம்ப்பில் அந்த வார் வெளியே தெரியும். விமானத்தில் பக்கத்தில் இருப்பவரே பார்த்துச் சொல்லிவிடுவார். விங்சூட்டில் துணிக்குள் மறைந்துவிடும். பூட்டாமல் குதித்தால் பேராசூட் விரிகிற வேகத்தில் ஆள் பையிலிருந்தே நழுவிப் போகலாம். ஜிப் போடுவதற்கு முன் வாரைத் தொட்டுப் பார் என்பதுதான் முதல் பாடம். அது அவனுக்குச் சொல்லப்படவே இல்லை.

அப்போது அவன் அப்பா சொன்னார்: "ஆத்துல தள்ளிவிட்டா தன்னால நீந்திக்கிறான் தம்பி. நாங்கல்லாம் அப்படித்தானே கத்துக்கிட்டோம்?"

இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது. நாம் அப்படியா கற்றோம்? படித்துறையில், இடுப்பளவுத் தண்ணீரில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டார்கள். தள்ளிவிட்ட மாமா ஒரு கை தூரத்தில் நின்றார். நாலு வாய் தண்ணீர் குடித்ததும் முடியைப் பிடித்துத் தூக்கினார். விங்சூட்டில் அந்தக் கை கிடையாது. சாதாரண ஸ்கைடைவிங்கில் முதல் ஜம்ப்புகளில் பயிற்றுநர் உங்களைப் பிடித்துக்கொண்டே கூட விழுவார். விங்சூட்டில் பக்கத்தில் பறக்கலாம், கையைக் காட்டலாம், அவ்வளவுதான். சுழல ஆரம்பித்தவனை யாரும் போய்ப் பிடிக்க முடியாது. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள ஆற்றில் அவகாசம் உண்டு. மேலே உயரம் மட்டும்தான் உண்டு, அதுவும் குறைந்துகொண்டே இருக்கும். கதவை விட்டு வெளியே போவதற்கு முன்பே எல்லாம் உடம்பில் ஏறியிருக்க வேண்டும். அதை ஏற்றத் தெரிந்தவர்தான் ஆசிரியர்.

நன்றாகப் பறப்பவர் நன்றாகச் சொல்லித் தருவார் என்பதும் தப்பு. அமெரிக்கப் பேராசூட் சங்கத்தில் ஏஎஃப்எஃப் பயிற்றுநராக, அதாவது புதியவரோடு கூடவே விழுந்து சொல்லித் தருபவராக வேண்டுமானால், ஆறு மணி நேரம் ஃப்ரீஃபால், அதாவது பேராசூட் விரியும் முன் விழுந்த நேரம், இருக்க வேண்டும். ஜம்ப்புக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 360 ஜம்ப். அதற்கு மேல் தேர்வு வேறு. விங்சூட்டுக்கு அதே சங்கம் கற்பவருக்கு விதி வைத்திருக்கிறது: உரிமம் வேண்டும், குறைந்தது 200 ஜம்ப் வேண்டும். முதல் பறப்புக்கான பாடத்திட்டமும் உண்டு. ஆனால் அந்தப் பாடத்தை நடத்துபவரைச் சோதிப்பதில் அதே கண்டிப்பு வளரவில்லை. 1999-ஐ ஒட்டி பேர்ட்மேன் நிறுவனம் சூட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பயிற்றுநர்களையும் தானே தயார் செய்தது. அன்றைக்கு அது நல்ல காரியம். ஆனால் சூட்டை விற்பவரே ஆசிரியரையும் தேர்ந்தெடுப்பது என்றைக்கும் சரிப்பட்டு வராது.

என்னைக் கேட்டால், விங்சூட் சொல்லித் தருபவர் ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற ஸ்கைடைவிங் பயிற்றுநராக இருக்க வேண்டும். விங்சூட்டில் மட்டும் சில நூறு ஜம்ப் வேண்டும். மூத்தவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பாடம் நடத்திக் காட்டித் தேறியிருக்க வேண்டும். "நீ இன்னும் தயாராகவில்லை, போ" என்று மாணவனைத் திருப்பி அனுப்பவும் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் விசாரிக்கக் கூச்சமாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் மயங்கிவிட்டால் ஏஏடி ரிசர்வைத் திறந்துவிடுமா?" ஏஏடி என்பது ஆள் இழுக்காவிட்டாலும் ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி. சாதாரண ஏஏடி, தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்தால்தான் வேலை செய்யும். அதாவது மணிக்கு 126 கிலோமீட்டர். விங்சூட்டில் சீராகப் பறப்பவர் இறங்கும் வேகம் பெரும்பாலும் 100-ஐக்கூடத் தொடாது. எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக் கருவி பேசாமல் இருந்துவிடும். "ஆமாம், திறந்துவிடும்" என்று பதில் வந்தால் சூட்டை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்தத் தம்பிக்கு நான் சொல்லும்வரை இது தெரியாது. முகம் வெளுத்துவிட்டது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதவை விட்டதும் இறக்கையை விரிக்காதீர்கள், விமானத்தின் வால் பின்னாலேயே இருக்கிறது. பேராசூட்டை இழுக்கும்போது இரண்டு கையும் ஒன்றாக வரட்டும். தரையில் நின்று நூறு முறை பழகுங்கள். சாதாரண ஜம்ப்பைவிட உயரத்திலேயே இழுத்துவிடுங்கள். சூட்டையோ பேராசூட் பையையோ நீங்களாக வெட்டித் தைக்காதீர்கள். இன்றைய விங்சூட்டுக்கு வழிகாட்டிய பாட்ரிக் த கயார்டோன், 1998-ல் ஹவாயில் இறந்தது தன் பேராசூட் பையில் தானே செய்த மாற்றத்தால். அவருக்கே அப்படி என்றால் கடைத்தெருத் தையல் எம்மாத்திரம்?

அக்கா, அண்ணே, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை இப்படி ஒரு சூட் வாங்கியிருந்தால் திட்டாதீர்கள், திட்டினால் மறைத்துவிடுவான். எத்தனை ஜம்ப் ஆகியிருக்கிறது, யார் சொல்லித் தருகிறார் என்று மட்டும் கேளுங்கள்.

அந்தத் தம்பியின் சூட் இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. இன்னும் 129 ஜம்ப் பாக்கி. முடித்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்கு முன் அந்தத் தையலைப் பிரித்து, தயாரித்த இடத்துக்கே அனுப்பிச் சரிபார்க்க வேண்டும்.