ஒலிப்பதிவுப் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்

இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. சென்ற சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒரு தாய் தம் மகனுடன் வந்தார். "அண்ணா, ஒரு வருஷம் சவுண்ட் இன்ஜினியரிங் படிச்சிருக்கான், உங்ககிட்ட வேலைக்கு வச்சுக்கோங்க" என்றார். காவடித் திருவிழாவன்று கோயிலில் அவன் பதிவு செய்த நாகசுவரமும் தவிலும் பென் டிரைவில் இருந்தன. திரையில் திறந்து பார்த்தேன். தவிலடி விழுந்த இடத்திலெல்லாம் ஒலியலையின் தலை, கரும்புக் கத்தியால் ஒரே மட்டமாகச் சீவியதுபோல் இருந்தது. வலந்தலையின் கணீரென்ற அடி தகரத்தில் கல் விழுவதுபோல் கேட்டது. பையன் சற்றும் கலங்காமல், "மிக்ஸிங்ல சரி பண்ணிடலாம், அங்கிள்" என்றான்.

சரிசெய்ய முடியாது. ஒலியளவை டெசிபெல் என்ற அலகால் அளக்கிறோம்; வழக்கமான டிஜிட்டல் ஒலிப்பதிவில் பூஜ்ஜியம் டெசிபெல் என்பது கூரை. அதற்கு மேல் எண் கிடையாது. கூரையை மீறி வந்த ஒலி எங்கும் சேமிக்கப்படுவதில்லை என்பதால், அதை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள் அக்கம்பக்கத்து அலையைப் பார்த்து நடுவில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கிறதே தவிர, வித்வான் அடித்த அடியைத் திருப்பித் தருவதில்லை. டேப்பின் இரைச்சலுக்கு மேலே ஒலியை நிறுத்துவதற்காக அந்தக் காலத்தில் ஒலியளவு காட்டும் முள்ளைச் சிவப்புவரை ஏற்றினோம். 24 பிட் டிஜிட்டல் பதிவுக்கோ அடியிலுள்ள இரைச்சலுக்கும் கூரைக்கும் நடுவே கோட்பாட்டளவில் 144 டெசிபெல் இடைவெளி இருக்கிறது. உச்சத்தைக் கழித்தல் 12 டெசிபெல்லை ஒட்டி, அதாவது கூரைக்கு 12 டெசிபெல் கீழே, நிறுத்தியிருந்தால் எதுவும் குறைந்திருக்காது, எல்லாம் பிழைத்திருக்கும். இதை அவனுக்கு ஓராண்டில் ஒருவரும் சொல்லவில்லை. மைக்கைக் கையில் எடுத்ததே நான்கு முறைதானாம். மற்ற நாளெல்லாம் திரைக்கு முன்னால்தான் வகுப்பு. திரையிலேயே படித்தவனுக்கு எல்லாத் தவறும் திரையில் தீரும் என்றுதான் தோன்றும்.

ஆகவே பெற்றோர்களே, விளம்பரத் தாளில் பளபளக்கும் பெரிய மிக்ஸிங் மேசையைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த மேசைக்கு முன்னால் ஒரு மாணவனுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும், உயிருள்ள இசைக்கலைஞரை வைத்து எத்தனை முறை பதிவு செய்வான், காதுப்பயிற்சி பாடத்திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். மென்பொருளைப் பிள்ளை வீட்டிலிருந்தே கற்றுக்கொள்வான். அறையின் எதிரொலியையும், இரண்டு மைக்குகளுக்கு இடையிலான தூரத்தால் ஒலி மெலிவதையும் கேட்டு உணர ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகம் 1970 முதல் நடத்திவரும் டோன்மைஸ்டர் என்னும் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு இசையோடு கணிதத்தையும் இயற்பியலையும் சேர்த்தே கற்பித்து, மூன்றாம் ஆண்டில் மாணவரைத் தொழிற்கூடங்களுக்கு அனுப்புகிறது. இங்கேயும் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் இசைத் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. "இவனுக்குக் கணக்கு வராது, அதனால்தான் சவுண்டுக்கு விடுகிறோம்" என்று சொல்லும் வீடுகளில் எனக்குப் பதில் சொல்லவே வாய் வருவதில்லை. டெசிபெல் என்பதே மடக்கைக் கணக்கு. பத்தாம் வகுப்பில் கணிதத்தை விட்டு மேத்தமெட்டிக்கல் லிட்டரசி என்னும் அன்றாடக் கணக்குப் பாடத்தை எடுக்க வைக்கும் முன், பிள்ளை சேர விரும்பும் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று விசாரித்துவிடுங்கள். மெட்ரிக் என்னும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் விசாரிப்பது காலங்கடந்த விசாரணை.

அங்கீகாரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தனியார் கல்லூரியானால் அது உயர்கல்வித் துறையில் பதிவு பெற்றதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், நீங்கள் பணம் கட்டப்போகும் அதே படிப்பு அந்தப் பதிவுச் சான்றில் பெயரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். நாட்டின் கல்வித் தகுதிகளைப் பதிவு செய்யும் சாக்வா ஆணையம் அந்தப் படிப்புக்குத் தந்த எண்ணைக் கேட்டு வாங்கி, அது எந்த நிலைத் தகுதி என்று சரிபாருங்கள்: உயர்நிலைச் சான்றிதழ் 5, டிப்ளோமா 6, இளநிலைப் பட்டம் 7. என்.எஸ்.எஃப்.ஏ.எஸ் என்னும் அரசு மாணவர் நிதியுதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டுமே உண்டு. தனியார் கல்லூரிக்கும் அது கிடைக்குமென்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். என்னிடம் வந்த தாயிடம் எண்ணும் இல்லை, கட்டிய பணத்துக்குச் சரியான ரசீதும் இல்லை.

மாணவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். இந்த நாட்டில் தொழிலிடத்தில் காதில் விழும் சத்தத்துக்கு விதித்திருக்கும் வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் (இது பதிவுக் கருவியின் பூஜ்ஜியக் கூரைக் கணக்கு அல்ல). பாதுகாப்புக் கணக்கில், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும்; 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடந்தான். உட்காதின் மயிரணுக்கள் ஒருமுறை போனால் திரும்ப முளைப்பதில்லை. தவிலுக்குப் பக்கத்தில் மைக் வைக்கக் குனியும்போதாவது காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், ஹெட்போனைக் குறைத்து வையுங்கள், படிப்பில் சேரும் முன் ஒரு செவிப் பரிசோதனை செய்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பணம் கட்டும் முன் எந்தச் சனிக்கிழமையானாலும் என் கூடத்துக்கு வரலாம். கேபிள் சுருட்டத்தான் முதலில் சொல்லுவேன். சாட்ஸ்வொர்த் பையனும் அடுத்த வாரம் அதற்குத்தான் வருகிறான்.