பிறப்புப் பதிவு: ஆசிய பசிபிக் நாடுகள் சேர்ந்து எடுத்த முடிவு என்ன, நமக்கு அதில் என்ன இருக்கிறது?

குழந்தை பிறந்தால் பதிவு செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு குழந்தைகூட விடுபடக் கூடாது என்று ஆசிய பசிபிக் நாடுகள் கூடிப் பேசி ஒரு திட்டமே வகுத்திருப்பது பலருக்குத் தெரியாது. 2014 நவம்பரில் பாங்காக்கில், ஐ.நா.வின் எஸ்காப் அமைப்பு (ஆசிய பசிபிக் பகுதிக்கான பொருளாதார, சமூக ஆணையம்) முன்நின்று நடத்திய அமைச்சர்கள் மாநாட்டில் 2015 முதல் 2024 வரையிலான பத்தாண்டை இதற்கென்றே ஒதுக்கினார்கள். 2025 ஜூனில் மறுபடி அங்கேயே கூடி அதை 2030 வரை நீட்டித்தார்கள்.

குறிக்கோள்கள் மூன்று: பிறப்பு, இறப்பு போன்றவை முழுக்கப் பதிவாக வேண்டும், ஒவ்வொருவர் கையிலும் அதற்கான சட்டப்பூர்வ ஆவணம் இருக்க வேண்டும், அந்தப் பதிவுகளிலிருந்து சரியான புள்ளிவிவரம் உரிய காலத்தில் வெளிவர வேண்டும். எத்தனை சதவீதத்தை இலக்காக வைப்பது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளும். 2012-ல் இந்தப் பகுதியில் பதிவாகாமல் இருந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 13.5 கோடி, 2024-ல் அது சுமார் 5.1 கோடி என்கிறது எஸ்காப். பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் 5 கோடி சின்னக் கணக்கா?

முதல் இரண்டு குறிக்கோள்களையும் ஏன் தனித்தனியாக வைத்தார்கள் என்று கேட்கலாம். பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டாலே சான்றிதழ் கைக்கு வந்துவிடும் என்று சொல்ல முடியாது. பள்ளியில் சேர்க்கும்போதோ பாஸ்போர்ட் எடுக்கும்போதோதான் பல வீடுகளில் அதைத் தேடவே ஆரம்பிக்கிறார்கள்.

யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மலையிலும் தீவிலும் இருப்பவர்கள், வீட்டிலேயே பிரசவம் ஆனவர்கள், பிழைப்புக்காக ஊர் மாறிக்கொண்டே இருப்பவர்கள், அகதிகள், பெற்றோரிடமே எந்தக் காகிதமும் இல்லாதவர்கள். இவர்களைக் கண்டறிய ஒவ்வொரு நாடும் தனியாக ஓர் ஆய்வு நடத்த வேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது. பச்சை உடம்புக்காரியை அலுவலகத்துக்கு அலையவிட்டால் பதிவு அதிகரிக்கவே அதிகரிக்காது, பிரசவம் நடந்த இடத்திலிருந்தோ தடுப்பூசி போடும் இடத்திலிருந்தோ தகவல் தானாகப் பதிவாளருக்குப் போய்ச் சேர வேண்டும்.

சரி, இந்தியாவில் எப்படி? 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. மருத்துவமனையில் பிறந்தால் அந்த மருத்துவமனையே தகவல் கொடுக்க வேண்டும், வீட்டில் பிறந்தால் அது குடும்பத்தின் பொறுப்பு. 30 நாள் வரை தாமதக் கட்டணம் மட்டும். அதற்கு மேல் ஓராண்டு வரை என்றால் மேல் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி, ஓராண்டும் தாண்டினால் மாவட்ட அல்லது கோட்ட அளவிலான நிர்வாக நடுவரின் உத்தரவு என்று கதை நீண்டுகொண்டே போகும்.

இந்தச் சட்டத்துக்கு 2023-ல் வந்த திருத்தம் இன்னும் முக்கியம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்ட பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். வேறு காகிதத்தைக் காட்டிச் சமாளித்த காலம் இவர்களுக்கு இல்லை. அதனால்தான் இப்போது பிறக்கும் ஒரு குழந்தை விடுபட்டால்கூட மனசு பதறுகிறது.

பதிவுப் படிவத்தைக் கவனித்தால் அதில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்றில் பிறந்த தேதி, பாலினம், பெற்றோர் பெயர், பிறந்த இடம். இன்னொன்றில் தாயின் வயது, படிப்பு, குழந்தையின் எடை, எந்த வகைப் பிரசவம் என்பதெல்லாம். முதல் பகுதி பதிவாளரிடம் தங்கிவிடும், இரண்டாவது புள்ளிவிவரத்துக்குப் போகும். எந்த வட்டாரத்தில் எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறக்கின்றன என்று அரசுக்குத் தெரிய இது ஒரு வழி, அதனால் அந்த இரண்டாம் பகுதியையும் ஏனோதானோ என்று நிரப்பாதீர்கள்.

அப்புறம், பெயர் இன்னும் வைக்கவில்லை என்று பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பெயர் இல்லாமலே பதியலாம், 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதன் பிறகும் 15 ஆண்டு வரை கட்டணம் செலுத்திச் சேர்க்க இடமிருக்கிறது. சான்றிதழ் வந்ததும் பெற்றோர் பெயரின் எழுத்துகளை உங்கள் மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிழை இருந்தால் உடனே பதிவாளரிடம் திருத்தக் கேளுங்கள்.