வேப்பமரம் கருகினால் அரிவாளைத் தேடாதீர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் என் மேசைக்கு நெற்பயிரைவிட வேப்பங்கொத்துதான் அதிகம் வரும். போன பருவத்தில் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், கருகிய கொத்து ஒன்றை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"தம்பி, யாரோ நெருப்பு வச்ச மாதிரி இருக்கு. அம்மனுக்கு ஏதும் குறை வச்சிட்டோமான்னு வீட்ல கேக்குறாங்க. வெட்டிடவா?"

"அம்மன் கணக்கு எனக்குத் தெரியாதுங்க ஐயா. மரத்து கணக்கைப் பார்ப்போம்" என்று கொத்தை வாங்கினேன். நுனி மட்டும்தான் காய்ந்திருந்தது. கீழே முதிர்ந்த இலைகள் நல்ல பச்சை. இளந்தண்டில் கரும்பழுப்புத் தழும்புகள். வேலை பார்த்தவர் யாரென்று தெரிந்துவிட்டது.

பெயர் தேயிலைக் கொசு. டெல்டாவில் தேயிலை ஏது என்று கேட்பீர்கள். இது கொசுவும் இல்லை. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தமான நாவாய்ப்பூச்சி. 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளம், மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், உடம்பைவிட நீளமான உணர்கொம்பு. தலை கறுப்பு, மார்பு சிவப்பு. முதுகில் குண்டூசி ஒன்றை நட்டு வைத்தது போலத் தலைதடித்த முள் ஒன்று நிற்கும். லென்ஸில் அந்த முள்ளைப் பார்த்துவிட்டால் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

பெண் பூச்சி இளந்தண்டின் சதைக்குள்ளேயே முட்டையைச் செருகிவிடும். வெளியே தெரிவது ஒரு முட்டைக்கு இரண்டு வெள்ளை இழை மட்டும், அதுவும் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒரு வாரம் போல ஆனதும் குஞ்சு வெளிவந்து, ஐந்து பருவம் தாண்டி இறக்கை முளைக்கும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். குஞ்சும் தாயும் ஒரே கொழுந்தில்தான் சாறு குடிக்கும். வெயில் ஏறினால் இலை மறைவுக்குள் போய்விடும். ஆகவே மதியம் மரத்தடியில் நின்று "பூச்சியே இல்லையே" என்று சொல்வதில் பொருளில்லை. விடிகாலையில் பாருங்கள், இல்லையென்றால் பொழுது சாயும்போது.

அது குடிக்கும் சாறு கொஞ்சம்தான். கேடு அதன் எச்சிலில் இருக்கிறது. குத்திய இடத்தைச் சுற்றித் திசு செத்து, நீர்க்கசிவு போலத் தொடங்கிய புள்ளி கறுத்து, கொழுந்து துவண்டுவிடும். அந்தப் புண் வழியாகப் பூஞ்சணமும் சேர்ந்துகொண்டால் கருகல் நுனியிலிருந்து கீழே இறங்கும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் மார்கழிப் பனியும் இரண்டுக்குமே தோது.

வேப்பெண்ணெய் அடிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேப்பமரத்துக்கே வேப்பெண்ணெயா! அந்தக் கசப்பு மரத்தில்தானே இது குடும்பம் நடத்துகிறது.

ரசாயன மருந்தைப் பற்றி என் தவறையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெருவோர மரம் ஒன்றுக்கு மருந்தடிக்கச் சொன்னேன். ராக்கர் தெளிப்பான் பாதி மரத்துக்குத்தான் எட்டியது. உச்சிக் கொழுந்தில் இருந்த பூச்சிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றில் போன மருந்து பக்கத்து மாமரத்தில் இலை தைத்துக் கூடு கட்டியிருந்த முசுறு எறும்புகளைக் கொன்றுவிட்டது. முந்திரித் தோப்புகளில் இந்தப் பூச்சியைப் பிடித்துத் தின்று கட்டுப்படுத்துவதே அந்த முசுறுதான். அதற்குப் பிறகு கிணறும் மாட்டுக்கொட்டகையும் உள்ள வீட்டில் வளர்ந்த மரத்துக்கு நான் மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. தை, மாசி கழிந்து வெயில் ஏறினால் பூச்சி தானாகக் குறையும். பெரிய மரம் புதுத் துளிர் விட்டுத் தேறிக்கொள்ளும். பூவும் காயும் குறையலாம். வேப்பங்கொட்டை பொறுக்கி விற்கும் பெண்களுக்கு அது உண்மையான நட்டம்தான், மறுக்கவில்லை.

நாற்றும் இளங்கன்றும் வேறு கதை. அவற்றுக்கு இருப்பதே ஒன்றிரண்டு கொழுந்துதான். காய்ந்த பகுதிக்குச் சற்றுக் கீழே, பச்சையோடு சேர்த்து நறுக்கி எரித்துவிடுங்கள். அப்புறமும் புதிதாகக் கருகினால் வட்டார வேளாண் அலுவலகத்தில் காட்டி, மருந்தும் அளவும் கேட்டு அடியுங்கள். கொய்யா, முருங்கை, தென்னந்தோப்பு நிழலில் கோக்கோ வைத்திருப்பவர்களும், கொள்ளிடத்துக்கு வடக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காரர்களும் கார்த்திகையிலிருந்தே கொழுந்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பூச்சி அவற்றிலும் குடியேறும். முந்திரியில் பூங்கொத்தும் பிஞ்சும் சேர்ந்தே போகும்.

பெரியவரிடம் ஒரே ஒரு சோதனை சொல்லி அனுப்பினேன்: காய்ந்த நுனிக்கு ஒரு முழம் கீழே பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் பங்குனி வரை பொறுங்கள். தடித்த கிளை வரைக்கும் உள்ளே பழுப்பாக இருந்தால் அது இந்தப் பூச்சியின் வேலை மட்டும் இல்லை. அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் போட்டார்களா, சாலைக்காக வேரை வெட்டினார்களா என்று பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.