பிஎம்எஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்

இந்த மாதம் என் மேசைக்கு வந்த மூன்றாவது பேட்டரி இது. மூடியைத் திறக்கும் முன்பே எலக்ட்ரோலைட் கசிந்த இனிப்பு வாடை அடித்தது. 13 செல்களை வரிசையாக (சீரிஸில்) இணைத்த லித்தியம் அயான் பேக். பாதிக்கு மேல் செல்கள் உப்பியிருந்தன. வண்டியின் இருக்கைக்கு அடியில் 'சார்ஜர்' என்ற பெயரில் தொலைத்தொடர்பு நிலையத்தில் பயன்பட்ட, ஏசியை டிசியாக்கும் பழைய 48 வோல்ட் ரெக்டிஃபையர் ஒன்று.

உரிமையாளர் தன் வண்டியைத் தானே மின்சாரத்துக்கு மாற்றியவர். வயரிங்கில் குறை சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தம். வோல்டேஜ் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டேன். "57.6 சார். சீக்கிரம் ஏறும். ஃபுல் ஆனா பிஎம்எஸ் கட் பண்ணிடும்ல?" (பிஎம்எஸ் என்றால் பேக்கோடு சேர்ந்து செல்களைக் கண்காணிக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்.)

57.6-ஐ 13-ஆல் வகுத்துப் பாருங்கள். செல்லுக்கு 4.43 வோல்ட். அந்த செல்லின் எல்லை 4.2. பேக்குக்கு 54.6-ஐத் தாண்டவே கூடாது.

அந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். மூன்று பேருமே அதையே கேட்டார்கள். பிஎம்எஸ் என்பது சார்ஜை முடித்துவைக்கும் ஸ்விட்ச் அல்ல. எல்லாம் தவறிப்போனால் கடைசியாக இழுக்க வேண்டிய அவசரச் சங்கிலி. தினமும் ரயிலை நிறுத்த அதையே இழுத்தால் என்ன ஆகும்? இவருடைய பேக்கில் ஒவ்வொரு சார்ஜும் 30 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஎம்எஸ் வெட்டி முடிந்திருக்கிறது. அதில் வெட்டும் வேலையைச் செய்பவை மாஸ்ஃபெட்கள் என்ற மின்னணு ஸ்விட்சுகள். மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் திறந்த நிலையில் சாகாது, ஷார்ட் ஆகித்தான் சாகும். அதற்குப் பிறகும் வண்டி ஓடும், சார்ஜ் ஏறும், எந்த விளக்கும் எரியாது. வெட்ட ஆள் இல்லை என்பதே தெரியாமல் 57.6 வோல்ட் இரவெல்லாம் அழுத்திக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. செல்களைச் சமன்செய்யும் வேலையைச் சாதாரண பிஎம்எஸ் சார்ஜின் முடிவில், சில பத்து மில்லி ஆம்பியரில், மெதுவாகத்தான் செய்யும். வேகமாக ஏற்றிப் பட்டென்று வெட்டினால் அதற்கு நேரமே கிடையாது. மாதக்கணக்கில் ஒரு செல் முந்தும், ஒன்று பின்தங்கும். சரியான சார்ஜர் தானாக 54.6-இல் நின்றால் பிஎம்எஸ் பழுதானாலும் பேக் இந்த அளவுக்குக் கெடாது. சார்ஜர் பழுதானால் பிஎம்எஸ் காக்கும். இரண்டு பூட்டு. இவர் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை நம்பியிருக்கிறார்.

பவர் சப்ளையைச் சார்ஜராக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் செய்திருக்கிறேன். ஆனால் எல்லா சப்ளையும் ஒத்துவராது. சாதாரண எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற பவர் சப்ளை) காலியான பேட்டரியைப் பார்த்ததும் ஓவர்லோடு என்று நினைத்து அணைந்து அணைந்து எரியும். தேவை, கரண்டை ஒரே அளவில் பிடித்தபடி வோல்டேஜை மேலே விடும் வகை. சில எல்இடி டிரைவர்கள் இதைச் செய்யும். டேட்டாஷீட்டில் அந்தக் கரண்ட் கட்டுப்பாடு எந்த வோல்டேஜ் வரை கீழே வேலை செய்யும் என்று பாருங்கள். 13 வரிசை பேக் காலியானால் 39 வோல்ட் வரை இறங்கும்.

அப்புறம், சர்வர் கம்ப்யூட்டர்களின் 12 வோல்ட் பவர் சப்ளைகளை அதிக வோல்டேஜுக்காக வரிசையாக அடுக்குபவர்கள். அவற்றில் பலவற்றில் 12 வோல்ட் நெகட்டிவ் உலோக உடம்போடும், உடம்பு எர்த்தோடும் சேர்ந்திருக்கும். இரண்டை அடுக்கினால் ஷார்ட். உடனே எர்த் வயரை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெட்டிய சப்ளையின் உடம்பில் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக மெயின்ஸில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ் மிதக்கும். அது வெறும் சுருக்கென்ற அடிதான். இன்சுலேஷன் ஒருநாள் விட்டுப்போனால் முழு மெயின்ஸும் வரும். வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, அந்த மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. வெறுங்காலோடு தரையில் நின்று ஹேண்டில்பாரைத் தொடப்போவது யார்?

சப்ளையை வண்டிக்குள்ளேயே வைக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம். இவை அறைக்குள் அசையாமல் இருக்கப் பிறந்தவை. கனமான கெப்பாசிட்டர்கள் குலுக்கலில் சால்டரை விரிசல் விடவைக்கும். ஃபேன் தண்ணீரையும் தூசியையும் உள்ளே இழுக்கும். வோல்டேஜ் திருகு தானாகத் திரும்பும். மீட்டர் வைத்துச் சரிசெய்த பிறகு அதன்மேல் ஒரு துளி நெயில் பாலிஷ் விடுங்கள். (சிரிக்காதீர்கள், நான் பல வருடமாகச் செய்வது அதுதான்.)

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லுக்கு 4.1 வோல்ட் போதும், 13-க்கு 53.3, கொஞ்சம் தூரம் குறையும், பேக் நீண்டநாள் வாழும். பேட்டரியை ஒட்டி டிசி ஃபியூஸ் போடுங்கள், ஏசி ஃபியூஸ் டிசி தீப்பொறியை அணைக்காது. அணைந்திருக்கும் சப்ளையைப் பேட்டரியில் நேரடியாகச் செருகாதீர்கள். அதற்குள் இருக்கும் காலி கெப்பாசிட்டர் ஒரே மடக்கில் குடிக்கும், முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக நிரப்புங்கள். பிஎம்எஸ் அலாரம் வந்தால் மெயின்ஸையே துண்டிக்கும் ரிலே ஒன்று இருக்கட்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் வேண்டாம். பிளக் செருகியிருக்கும்போது மோட்டார் இயங்கவே கூடாது.

முதல் பத்து சார்ஜுக்காவது பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து எழுதிவையுங்கள். இவர் பேக்கில் நான் அளந்தபோது ஒரு செல் 4.5-ஐத் தொட்டிருந்தது, மொத்த வோல்டேஜை மட்டும் காட்டும் மீட்டரில் அது தெரியவே தெரியாது.