பிக்கப் வாங்கும் முன் உங்கள் ஓட்டத்தைச் சொல்லுங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை பட்டறையைத் திறக்க வந்தபோதே வாசலில் ஒரு பி.எஸ். 6 (2020இல் வந்த புகை மாசு விதி) பிக்கப் நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். இந்த மாதத்தில் இதே கேஸ் இது நான்காவது. வண்டிக்காரர் சின்னப் பையன். யாரோ இரண்டு வருடம் ஓட்டிய வண்டியைக் கடன் வாங்கி எடுத்து ஐந்து மாதம்தான் ஆகிறது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டேன்.

"அது எடுத்ததுலேர்ந்தே வந்து வந்து போகும்ணே. சென்சார் கம்ப்ளைன்ட்னு சொன்னாங்க."

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, டிப் ஸ்டிக்கை, உருவினேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் ஏறி நிற்கிறது. அதைப் பார்த்ததும் அவனுக்குப் பெருமை வேறு. "ஒரு சொட்டு ஆயில் குடிக்காதுண்ணே நம்ம வண்டி!"

தம்பி, எந்த எஞ்சினிலும் ஆயில் தானாக வளராது. அளவு ஏறினால் வேறு எதுவோ உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி வழிகிறது, மோந்தால் டீசல் வாடை. அந்த டீசல் கலந்த ஆயிலில் ஓடியதில் பேரிங் தேய்ந்து, டர்போவும் போய்விட்டது.

ஓட்டம் என்ன என்று அப்புறம்தான் கேட்டேன். தோட்டத்திலிருந்து ஒட்டன்சத்திரம் மண்டிக்கு எட்டு கிலோமீட்டர். தக்காளி இறக்கிவிட்டுத் திரும்ப எட்டு. ஒரு நாளைக்கு ஐந்தாறு நடை. மண்டி வாசல் வரிசையில் எஞ்சினை அணைக்காமல் அரை மணி நேரம் நிற்பது தனிக் கணக்கு. வாங்கும்போது ஊரில் பத்துப் பேரிடம் "எந்த வண்டி நல்லது" என்று கேட்டிருக்கிறான். பத்துப் பேரும் ஆளுக்கொரு பெயர் சொல்லியிருக்கிறார்கள். "நீ எங்கேடா ஓட்டப் போற?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

இதே மாடல், இதே வருட வண்டி என் இன்னொரு வாடிக்கையாளரிடம் இருக்கிறது. தினம் ராத்திரி காய்கறி ஏற்றிக்கொண்டு பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத் திருச்சூர் போய் வருவார். போக மட்டும் சுமார் 200 கிலோமீட்டர். அவர் வண்டி என் பட்டறைக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்ற மட்டும்தான் வருகிறது.

ஏன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய பிக்கப் வகைக்கு பி.எஸ். 4 விதியில் ஒரு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் வரை கரித்துகள் வெளியே விடலாம். பி.எஸ். 6இல் 4.5தான். மிச்சக் கரியில் பெரும்பகுதி சைலன்சருக்கு முன்னால் இருக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டியில் நிற்கிறது. நிறைந்ததும் அந்தக் கரியை எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு 600 டிகிரி சுமாருக்குச் சூடு தேவை. நெடுஞ்சாலையில் லோடோடு போகும் வண்டி பாதிச் சூட்டைத் தானே கொண்டுவந்துவிடும். கொடைக்கானல் மலை ஏறுகிற வண்டிக்கும் கவலை குறைவு. எட்டு கிலோமீட்டர் ஓடி அணைக்கிற வண்டி என்ன செய்யும்? கம்ப்யூட்டர் கூடுதலாக டீசல் தெளித்துச் சூடேற்றப் பார்க்கும். பாதியில் நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். மறுபடி தெளிக்கும், மறுபடி அணைப்பீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். தம்பியின் டிப் ஸ்டிக்கில் ஏறியது அதுதான்.

இதைச் சொன்னதும் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "அப்போ பழசுதாண்ணே நல்லது."

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டீக்கடையில், மண்டியில், எஃப்.சி. (தகுதிச் சான்று) வரிசையில், எங்கே போனாலும் இந்தப் பேச்சு. "அந்தக் காலத்து எஞ்சின் இரும்பு, அடிச்சாலும் சாகாது. இப்போ வர்றதெல்லாம் கம்ப்யூட்டர், தொட்டா போச்சு." கொஞ்சம் யோசியுங்கள். ரோட்டில் ஓடும் 2008 மாடல் ஒன்றைக் காட்டி "பார், இன்னும் ஓடுது" என்கிறீர்கள். அதே வருடம் அதோடு வந்த எத்தனை வண்டிகள் காயலான் கடையில் எடைக்குப் போயின என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? செத்தது கண்ணில் படாது, பிழைத்தது மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அந்தப் பிழைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர் வண்டிக்கு நானே இரண்டு முறை லைனர், பிஸ்டன் மாற்றியிருக்கிறேன். ஒரு முறை கிராங்க் அரைத்துக் கொண்டுவந்து போட்டேன். டீசல் பம்ப்பில் எலிமெண்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் பாகம்) எத்தனை தடவை மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் ஊரெல்லாம் என்ன சொல்கிறார் தெரியுமா? "பதினஞ்சு வருஷமா ஒரு தொந்தரவு கொடுத்ததில்லை!"

பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் நோயோடு ஓடும், அவ்வளவுதான். டீசல் தெளிக்கும் நாசில் சொட்டும், கரும்புகை கக்கும், 14 கொடுத்த மைலேஜ் 10 ஆகும். விளக்கு எதுவும் எரியாததால் முதலாளிக்கு எல்லாம் நன்றாகவே இருக்கிறது. தினம் 100 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு இது எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். நாளுக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாதம் 25 நாள், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் ஆறாயிரத்துக்கு மேல். "செலவே வைக்காத" வண்டி மாதாமாதம் இதைக் குடித்துக்கொண்டிருக்கிறது. புது எஞ்சின் அதே நோய் வந்தால் விளக்கைக் காட்டும், பவரைக் குறைக்கும், கடைசியில் நின்றுவிடும். உங்களுக்குக் கோபம் வருகிறது. எஞ்சின் மூன்று வாரமாகச் சொன்னதை நீங்கள் கேட்கவில்லை என்பதுதான் என் கோபம்.

அதற்காகப் பழையதில் நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. நடு ராத்திரி ஆளில்லாத ரோட்டில் நின்றால் டீசல் குழாயில் காற்றெடுத்துவிட்டு, தள்ளி ஸ்டார்ட் செய்து வீட்டுக்கு வந்துவிடலாம். மண்டியில் எலி ஒயரைக் கடித்தால் சென்சார் வண்டிதான் முதலில் படுக்கும். உண்மை. நாசில் திறக்கும் அழுத்தம் பழையதில் 200 பார் சுமார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் 1,600 பாரும் அதற்கு மேலும் போகும். (உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டரை பார்கூட இல்லை.) அந்த அழுத்தத்தில் வேலை செய்கிற இன்ஜெக்டர் ஒரு துளித் தண்ணீரையும் ஒரு துகள் தூசியையும் மன்னிக்காது.

இன்னொரு குழப்பம். பி.எஸ். 4 என்றாலே பழைய எஞ்சின் என்று நினைக்கிறார்கள். பிக்கப் அளவு வண்டிகளில் பி.எஸ். 4 பெரும்பாலும் காமன் ரெயில்தான். கம்ப்யூட்டர் உண்டு, இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடுவது) உண்டு, பெரும்பாலான மாடல்களில் டி.பி.எஃப். மட்டும் இல்லை. குறுகிய ஓட்டக்காரர் டீசல்தான் வேண்டும் என்று நின்றால் நான் இதைத்தான் கைகாட்டுவேன். (பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசலே எதற்கு, சி.என்.ஜி. சின்ன வண்டி போதாதா என்றும் கேட்பேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.)

பி.எஸ். 4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரல் 1. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் பி.எஸ். 3 விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. கடைசி இரண்டு நாளில் தள்ளுபடி விலையில் அள்ளியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6. ஆக, இன்று நீங்கள் பார்க்கும் எந்த பி.எஸ். 3 வண்டியும் எட்டு வயதைத் தாண்டிவிட்டது. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்கு மேல் வருடா வருடம். இந்தச் செலவையும் ஓட்டம் நிற்கிற நாட்களையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். வண்டி எந்த விதியில் வந்தது என்று புரோக்கர் வாயால் கேட்காதீர்கள், ஆர்.சி.யில் போட்டிருக்கும்.

டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்ற வதந்தியை நம்பி, நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பத்து வருடக் கட்டுப்பாடு டெல்லியும் அதைச் சுற்றிய பகுதியும் சேர்ந்த தலைநகர் வட்டாரத்துக்குப் பிறந்தது. ஒட்டன்சத்திரத்துக்கு அல்ல.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு: காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) போன எஞ்சின் குளிரில்தான் சண்டித்தனம் செய்யும். அப்புறம் அரை மணி நேரம் லோடோடு ஓட்டி, அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆனால் பம்ப் தேய்ந்திருக்கலாம். சூட்டில் இளகிய டீசல் தேய்ந்த எலிமெண்டில் கசிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், ரயில் எஞ்சின் மாதிரி புகை குபுகுபுவென்று வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

செகண்ட் ஹேண்டில் பி.எஸ். 6 என்றால் சைலன்சர் வாய்க்குள் விரலை விடுங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. டி.பி.எஃப். ஒழுங்காக இருக்கும் வண்டியில் அங்கே கரி அப்பியிருக்கக் கூடாது. விரல் கறுப்பானால் உள்ளே குடைந்து எடுத்திருக்கிறார்கள், அல்லது வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது. குடைந்து எடுத்து, கம்ப்யூட்டரையும் ஏமாற்றிக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடமும் வாரம் ஒருத்தர் கேட்கிறார். செய்ய மாட்டேன். மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. அந்தப் புகையை முதலில் குடிப்பது வண்டிக்குப் பின்னால் மூட்டை இறக்குகிற ஆள்.

பி.எஸ். 6 வைத்திருப்பவர்களே, உங்களுக்குச் சொல்வது கொஞ்சம்தான். டி.பி.எஃப். விளக்கு வந்தால் அன்றைக்கே பைபாஸ் ரோட்டில் ஏறி, டாப் கியருக்கு ஒன்று குறைவாக வைத்து, அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். வாரம் ஒரு நாள் விளக்கு வராமலே இதைச் செய்தால் இன்னும் நல்லது. விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டால் ஓட்டிப் பார்க்காமல் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்கு வாருங்கள். கரி எரியும் நேரத்தில் வண்டியைச் சோளத்தட்டு மேலோ வைக்கோல் மேலோ நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அடியில் இருக்கும் சூட்டுக்கு ஒரு நிமிடம் போதும். டிப் ஸ்டிக் வாரம் ஒரு முறை. குறைந்தாலும் தப்பு, ஏறினாலும் தப்பு.

ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள். பி.எஸ். 6க்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான். கம்பெனிப் புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அது. பழைய வண்டிக்கு வாங்கிய கேனில் மிச்சமிருக்கிறது என்று ஊற்றினால், ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் போய் உட்காரும். கரி எரியும், சாம்பல் எரியாது. இதே காரணத்துக்காக டீசலில் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலப்பதையும் விட்டுவிடுங்கள். "புது டீசல்ல கந்தகம் இல்ல, பம்ப் காஞ்சுடும்" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து 10 ஆகக் குறைந்தது உண்மை. வழுவழுப்புக்கான மருந்தைச் சேர்த்துத்தான் பங்க்குக்கு அனுப்புகிறார்கள். பழைய பம்ப்பில் கசிவு வந்தால் முதலில் இறுகிப்போன ஓ-ரிங்குகளை மாற்றிப் பாருங்கள், அது இருநூறு முந்நூறு ரூபாய் சமாச்சாரம். கேனில் மலிவாக வருகிற "பயோடீசல்" பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். வாங்காதீர்கள்.

நீல மூடி இருக்கிற வண்டிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எல்லா பி.எஸ். 6 பிக்கப்புக்கும் அது கிடையாது. டீசல் மூடி பக்கத்தில் நீல மூடி இருந்தால் அதில் ஊற்ற வேண்டியது புகையைச் சுத்தம் செய்கிற 32.5 சதவீத யூரியா கரைசல், சீல் உடைக்காத கேனில் வருவது. வயலுக்கு வாங்கிய மூட்டையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு ஒருவர் வந்தார். உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறார்கள் ஐயா, அது பயிருக்கு. தவறி அந்தக் கரைசலை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். அங்கேயே நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

அந்தத் தம்பியின் வண்டி இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது. பேரிங், டர்போ, வடிகட்டி சுத்தம் எல்லாம் சேர்த்து நான்கு மாதத் தவணைக்கு மேல் ஆகும். வேலை முடிந்ததும் அதைத் திருச்சூர் ஓட்டத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மண்டி நடைக்கு ஒரு பி.எஸ். 4 பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆளும் கிடைத்துவிட்டார்.

வண்டி பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் உங்கள் ஓட்டத்தை நோட்டில் எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை முறை அணைத்தீர்கள், எவ்வளவு லோடு. அந்த நோட்டோடு உங்கள் மெக்கானிக்கிடம் போங்கள். என்னிடம் வந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பட்டறை லீவு.