நல்ல நாள்கள் ஏன் நினைவுக்கு வருவதில்லை?

“உனக்கு எவ்வளவு நல்லது நடந்திருக்கிறது, ஒன்றுகூடவா நினைவில்லை?” மனச்சோர்வில் இருப்பவரிடம் வீட்டார் அன்போடு கேட்கும் இக்கேள்வியில், நன்றி மறந்தவர் என்ற குற்றச்சாட்டும் கலந்துவிடுகிறது. சிங்கப்பூரில் 16 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவதாக 2016ஆம் ஆண்டின் மனநல ஆய்வு கண்டறிந்தது. ஆகவே, நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் இக்கேள்வி ஒலித்திருக்கும்.

‘மகிழ்ச்சி’ என்ற சொல்லைக் கொடுத்து, அதையொட்டி ஏதேனும் ஒரு நாளைச் சொல்லச் சொன்னால், நலமாக இருப்பவர், தைப்பூசத்தன்று பால்குடத்துடன் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயிலுக்கு நடந்ததையும், தார்ச்சாலையின் சூட்டில் தயங்கியபோது அக்கா காலில் தண்ணீர் ஊற்றியதையும் சொல்லக்கூடும். மனச்சோர்வுள்ளவரோ பெரும்பாலும் “சின்ன வயதில் திருவிழா என்றால் நன்றாக இருக்கும்” என்பதோடு நின்றுவிடுவார். நாள் இல்லை, இடம் இல்லை, அக்காவும் இல்லை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் இந்தப் போக்கை ஆய்வாளர்கள் மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பென்ட்டும் 1986இல் பதிவு செய்தனர்.

இடத்தையும் நேரத்தையும் முகங்களையும் ஒரே நிகழ்வாகக் கோப்பது, மூளையில் கடற்குதிரை வடிவிலுள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. அதன் அருகில், வாதுமைப் பருப்பு போன்ற அமிக்டலா, அந்நிகழ்வுக்கு உணர்ச்சியின் அழுத்தத்தைத் தருகிறது. மன உளைச்சலின்போது சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனை உணரும் ஏற்பிகள் ஹிப்போகேம்பஸில் மிகுதி. அச்சுரப்பு போதும் என்று தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. உளைச்சல் நீடித்து அப்பகுதி நலிந்தால் தடுப்பும் தளர்கிறது. கார்டிசோல் மேலும் ஏறுகிறது.

பெங்களூருவில் நரம்பியல் ஆய்வாளர் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளிடம் செய்த ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. தொடர் உளைச்சலுக்கு உட்பட்ட எலிகளின் ஹிப்போகேம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்க, அமிக்டலாவில் அவை நீண்டு வளர்ந்ததை அவர்கள் 2002இல் காட்டினர். உளைச்சல் நின்று 21 நாள்கள் கழிந்த பிறகும் அமிக்டலாவின் வளர்ச்சி குறையவில்லை. விவரம் தேய்ந்து அச்சம் எஞ்சுவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உயிரியல் சான்றை நான் படித்ததில்லை.

மனிதரிடம் மாற்றம் சிறிது. 1,728 நோயாளிகளின் எம்ஆர்ஐ படங்களை நோயில்லாத 7,199 பேரின் படங்களுடன் ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஆய்வில், நோயாளிகளின் ஹிப்போகேம்பஸ் சராசரியாக ஏறத்தாழ 1 விழுக்காடே சிறியதாக இருந்தது. நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்களிடமும் இளவயதிலேயே தொடங்கியவர்களிடமும்தான் அவ்வேறுபாடு தெரிந்தது. ஆகவே, படமெடுத்து ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொல்லிவிட முடியாது.

மங்கிய விவரங்களைப் பயிற்சியால் ஓரளவு மீட்க முடிகிறது. நினைவுகூரும் பயிற்சியில், சிகிச்சையாளர் ஒரு சொல்லைக் கொடுத்து, எந்த நாள், யார் உடனிருந்தார், என்ன வாசனை வந்தது என்று பொறுமையாகக் கேட்கிறார். “திருவிழா என்றால் நன்றாக இருக்கும்” என்றவர், சில வாரங்களில் ஏதாவது ஒரு தைப்பூசத்தையும், அக்கா கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலையும் சொல்லத் தொடங்கலாம்.